தப்பாகக் கொடுத்துப் பார்ப்பவர்

விக்ரோலி ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் என்னை "வனஜா" என்று கூப்பிட்டார். என் பெயர் வனஜா இல்லை. புது இடம், வயதில் பெரியவர், எதற்கு வம்பு என்று திரும்பிப் பார்த்துச் சிரித்து வைத்தேன். அந்த வாரம் முழுக்க நான் வனஜாதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தபோது எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உன் பேர் வனஜா இல்லைன்னு ஏண்டி சொல்லலை?"

"நீங்க மறந்து கூப்பிடுதீங்கன்னு நெனச்சேன் மேடம்."

"நான் மறக்கலை. தப்பாக் கொடுத்தா நீ என்ன பண்றேன்னு பார்த்தேன். பேசாம வாங்கி வெச்சுண்டுட்டே. நீ எழுதற புரோகிராமும் இப்படித்தானே இருக்கும்?"

சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவருடன் வேலை பார்த்த வருஷங்கள் முழுவதும் பெரும்பாலும் அந்த நிலைமைதான் எனக்கு. இன்றைக்கு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் அதே குழப்பம்தான் முதலில் வந்து நிற்கிறது.

ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார் அப்போது. பாலக்காட்டுக் குடும்பம், பிறந்து வளர்ந்தது மாதுங்கா, குடியிருப்பு செம்பூர். அப்பா இறந்த பிறகு அந்த ஃபிளாட்டில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்கும் தைரியம் ஆபீஸில் யாருக்கும் இருந்ததில்லை. காட்டன் புடவைக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ போட்டிருப்பார். ரயில்வே பாலத்துப் படிகளுக்கு அதுதான் சரி என்பார்.

எங்கள் வேலை புரோகிராம் எழுதுவது. அவர் வேலை, அந்தப் புரோகிராம்களைச் சோதிக்க இன்னொரு புரோகிராம் எழுதுவது. அவர் எழுதியதை ஓடவிட்டால், கம்ப்யூட்டர் முன்னால் ஆளே இல்லாமல் திரை திறக்கும், பெயர் தானாக அடிபடும், பட்டன் அழுந்தும். இதை எல்லா ஆபீஸிலும் செய்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் எழுதுவது நல்ல பிள்ளைகளாக இருக்கும். சரியான பெயர், சரியான தேதி கொடுத்து, சரியான பதில் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடும். இவர் எழுதியவை எல்லாம் அடங்காதவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். 'அவசரக்காரன்' ஒரே பட்டனைப் படபடவென்று அடித்துக்கொண்டே இருப்பான். 'பாதியில் போகிறவள்' எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுக் கடைசியில் பட்டனை அழுத்தாமல் எழுந்து போய்விடுவாள். அவசரக்காரன் தன் சித்தப்பாவைப் பார்த்து எழுதியது என்று சொல்லியிருக்கிறார். இன்னொருத்தி யார் என்று சொன்னதில்லை.

ஒரு கிளினிக்கில் நோயாளிகள் பெயரைப் பதியும் திரையை நான் ஒருமுறை கஷ்டப்பட்டுச் செய்து முடித்தேன். அவருடைய ஆட்களில் ஒருவன் பிறந்த தேதியாக நாளைய தேதியைக் கொடுத்தான். என் புரோகிராம் அவனை மரியாதையாக உட்கார வைத்து டோக்கனும் கொடுத்துவிட்டது.

"நாளைக்குப் பொறக்கப்போறவன் எவன்க்கா இன்னைக்கு டாக்டர்ட்ட வருவான்? வேலயத்த வேலையா இருக்கு!" என்று கத்தினேன். அதற்குள் மேடம் போய் அக்கா ஆகியிருந்தார்.

"வரமாட்டான். ஆனா நீ அவனுக்கு டோக்கன் கொடுத்தியே, அதைச் சொல்லு."

திருத்திக் கொடுத்தேன். மறுபடி ஓடவிட்டார். எல்லாம் ஒழுங்காக ஓடி முடிந்தது. "இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டேன். சரி என்ற சொல் அவர் வாயில் வராது. "இன்னும் உடையலை" என்றார். அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

ஆபீஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வெளியிலும் அதே கதைதான். ஒருநாள் குர்லாவிலிருந்து அவர் வீட்டுக்கு ஆட்டோவில் போனோம். நடுவழியில், இடதுபக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் "ரைட் லோ" என்றார். ஆட்டோக்காரர் ஒருகணம் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பினார். இரண்டு சந்து தாண்டி ஒரு சுவரின் முன்னால் வண்டி நின்றது.

"ஆப்கோ மாலூம் தா, ராஸ்தா பந்த் ஹை?" என்று கேட்டார் அக்கா. வழி அடைத்திருப்பது உங்களுக்குத் தெரியும்தானே என்று.

"மாலூம் தா மேடம். ஆப் போலா தோ மை க்யா கரூம்?" என்றார் அவர். நீங்களே சொன்னால் நான் என்ன செய்ய என்று கையை விரித்தார். பாவம், தெரிந்தேதான் திரும்பியிருக்கிறார். எனக்கு ஆட்டோவுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அக்கா மட்டும் ஏதோ பெரிய விஷயம் பிடிபட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

என் கல்யாணம் நிச்சயமான சமயத்தில் செய்தது இன்னும் மோசம். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் குர்லாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். ஒரு சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக ஆபீஸ் வாசலுக்கு வந்திருக்கிறார். அக்கா அவரைப் பார்த்து, "அவ அப்பவே கிளம்பிப் போயிட்டாளே" என்று சொல்லிவிட்டார். அவரும் திரும்பிப் போய்விட்டார். நான் மேலே மேஜையில் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்ததுதான் மிச்சம்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணுதீங்க? ஒருத்தர் சொன்னா நம்பத்தானே செய்வாங்க!"

"ஒரு போன் பண்ணிக் கேக்கலாமோல்லியோ? கேக்கலை. சொன்னா அப்படியே நம்பிடறா, எல்லாரும். அதுதாண்டி எனக்குப் பயமா இருக்கு."

எதற்குப் பயம், யாருக்காகப் பயம் என்று எனக்கு விளங்கவில்லை. கோபத்தில் சில நாள் பேசாமல் இருந்தேன். தாராவியில் நடந்த என் கல்யாணத்துக்கு அழைத்தும் அழைக்காமலும் விட்டேன். வந்தார். பந்தியில் உட்கார்ந்து, எங்கள் ஊர் ஆட்கள் ஊற்றிய தேங்காய்ப்பால் சொதியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு ஒருநாள் மனசு கேளாமல், "எங்க வீட்டுக்காரர் எப்படிக்கா?" என்று கேட்டேன். "இன்னும் உடையலை" என்றார். சிரித்துவிட்டேன். அவரோடு கோபத்தை ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது.

அவர் வீட்டுக்கும் எடுத்துப் போகும் லேப்டாப் திரையின் மூலையில் சின்னதாக ஒரு கட்டம் எப்போதும் திறந்திருக்கும். அதில் ஒரு புள்ளி. சில நேரம் பச்சையாக இருக்கும், சில நேரம் சாம்பல் நிறமாக. ஏதோ ஆபீஸ் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன், "இது எந்த ப்ராஜெக்ட்க்கா?"

"இது என் தங்கை."

போனில் மெசேஜ் அனுப்புகிற ஆப்பை ஒரு புரோகிராம் மூலம் திறந்து வைத்திருந்தார். தங்கை அதற்குள் வந்தால் புள்ளி பச்சையாகும், போனால் நிறம் மாறும். அவ்வளவுதான் அது செய்யும். ஒரு மெசேஜ்கூட அனுப்பாது.

"பேசலைன்னா என்ன? ஆள் நன்னா இருக்காளான்னு தெரியவேண்டாமா?" என்றார். அன்றுதான் கதையைச் சொன்னார். தங்கை உல்லாஸ்நகரில் துணிக்கடை வைத்திருக்கும் சிந்திக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனவர். அப்பா கடைசிவரை மன்னிக்கவில்லை. தான் செத்தால் அவளுக்குச் சொல்லக்கூடாது என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தார். அக்காவும் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு மாதுங்கா மார்க்கெட்டில் பூ வாங்கும்போது யாரோ சொல்லித்தான் தங்கைக்குத் தெரிந்தது. அன்று போன் செய்து, "இனிமே நீ செத்தாலும் நான் வரமாட்டேன்" என்று சொல்லி வைத்தவர்தான். அதன் பிறகு அக்காவின் போனை எடுப்பதில்லை.

"ஆனா என் நம்பரை பிளாக் பண்ணலை. கவனிச்சியா? பண்ணியிருந்தா இந்தப் புள்ளி எனக்குத் தெரியாது" என்றார் அக்கா. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது சந்தோஷமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு ஒரே பாவமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது, உள்ளதைச் சொன்னால்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. அவருடைய கட்டடத்தில் புதிதாக ஒரு ஆப் வாங்கியிருந்தார்கள். தண்ணீர் வராது, லிஃப்ட் ரிப்பேர், மீட்டிங் உண்டு என்பதையெல்லாம் எல்லார் போனுக்கும் அனுப்புவதற்கு. அதைச் சோதித்துத் தருகிறேன் என்று அக்கா ஒப்புக்கொண்டிருந்தார். ஆப்பில் இரண்டு பிரதி. ஒன்று நிஜம், கட்டடத்தில் இருக்கிற எல்லார் எண்ணும் அதில் ஏற்றியாகிவிட்டது. இன்னொன்று பார்த்துப் பழக. அதில் அக்காவின் எண்ணும் என் எண்ணும் மட்டும். அறிவிப்பு வந்து சேருகிறதா என்று பார்க்க இன்னொரு போன் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். தாராவியிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன்.

ஒவ்வொரு வகை அறிவிப்பையும் அவருடைய புரோகிராம் வரிசையாக அனுப்ப வேண்டும். அதில் 'காலமானார்' என்று ஒரு வகை. மற்றவை கட்டடத்துக்குள் மட்டும் போகும். இது கட்டடத்துக்கும் போகும்; அந்த வீட்டார், நமக்கு ஏதாவது ஆனால் சொல்லுங்கள் என்று கொடுத்திருக்கும் உறவினர் எண்ணுக்கும் போகும். சோதனைக்கு யார் பெயரைப் போடுவது?

"விளையாட்டுக்குக்கூட இன்னொருத்தர் பேரை அதுல போடப்படாது. என் பேரைப் போட்டுடறேன்" என்றார் அக்கா. அதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது.

முதல் வேலையாக அந்த வகையைத்தான் ஓடவிட்டார். திரையில் எல்லாம் தானாக நடந்தது. அவர் பெயர் எழுத்தெழுத்தாக அடிபட்டது, ஃபிளாட் எண் விழுந்தது, பட்டன் அழுந்தியது. நான் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"அக்கா, எனக்கு வரலியே."

அப்போது பக்கத்து ஃபிளாட்டில் போன் 'டிங்' என்றது. மாடியில் ஒன்று. எதிர் வீட்டில் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா திரையைப் பார்த்தார்.

"நிஜத்துல ஓடிடுத்துடி. மாத்த மறந்துட்டேன்."

உலகத்தில் எதையும் மறக்காத ஆள். அவர் மறந்தார் என்பதை நம்புவதா வேண்டாமா? யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. முதலில் போன் அடித்தது. அதே கட்டடத்தில் இருக்கும் சாஸ்திரிகள். யார் போனை எடுத்தாலும் கேட்பது போல, உடலை எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். "நான்தான் பேசறேன்" என்று அக்கா சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் கட்டாகிவிட்டது. கீழே வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்து வாசலில் போட ஆரம்பித்துவிட்டான். சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் இல்லையா, நாலாவது மாடி மாமி அதற்குள் பிளாஸ்க் நிறையக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு அழுதபடியே வந்துவிட்டார். கதவைத் திறந்தது அக்கா. மாமி போட்ட கூச்சலில் மிச்சக் கதவுகளும் திறந்துகொண்டன.

தவறான அறிவிப்பு, மேற்படி நபர் நலமாக இருக்கிறார் என்று அவசர அவசரமாக அடித்து அனுப்பினோம். அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இது சாதாரண அறிவிப்பு. கட்டடத்தைத் தாண்டாது. காலமானார் என்பது மட்டும்தான் உறவினருக்குப் போகும். இறந்தவர் இறக்கவில்லை என்று ஒரு அறிவிப்பு தேவைப்படும் என்று அந்த ஆப்பைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

"அக்கா, நீங்க யார் நம்பரைக் கொடுத்திருக்கீங்க?"

அவர் திரையின் மூலையைக் காட்டினார். புள்ளி பச்சையாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் நிறமானது.

"பார்த்துட்டா" என்றார்.

"போன் பண்ணுங்கக்கா! இருக்கேன்னு சொல்லுங்க!"

"என் போனை எடுக்கமாட்டா."

"எங்கிட்ட நம்பரக் கொடுங்க, நான் பண்ணுதேன்."

"இரு. பார்க்கலாம்" என்றார்.

பார்க்கலாமா! எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. "இது பாவம்க்கா, மனுசங்ககிட்ட வெளயாடுற வெளயாட்டா இது?" என்று சத்தம் போட்டுவிட்டு, திரையிலிருந்த எண்ணைப் பார்த்து நானே அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. தெரியாத எண்ணை அந்த நேரத்தில் யார் எடுப்பார்கள்? அக்கா சோபாவில் போய் உட்கார்ந்தார். வாசலைப் பார்த்தபடி, கதவைச் சாத்தவேண்டாம் என்று மட்டும் என்னிடம் சொன்னார். என் ஆத்திரம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

வந்தவர்களெல்லாம் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாவு வீட்டிலிருந்து போகும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லக்கூடாது, சொல்லிக்கொள்ளாமல்தான் போகவேண்டும். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். இங்கே ஆள் இருக்கிறாரே! அதனால் ஆளாளுக்கு வாசலில் நின்று, "வரேன், போயிட்டு வரேன்" என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நாலாவது மாடி மாமி பிளாஸ்க்கை வைத்துவிட்டு, "சாயந்தரம் வருவேன், திரும்பவும் வருவேன்" என்று ஒரு படி கூடவே அழுத்திச் சொன்னார்.

மத்தியானம் தங்கை வந்தார். தனியாக. தலைக்குக் குளித்துவிட்டு ஈரக்கூந்தலை அப்படியே முடிந்துகொண்டு, உல்லாஸ்நகரிலிருந்து ரயிலில் நின்றபடியே வந்திருக்க வேண்டும், முகமெல்லாம் வீங்கியிருந்தது. திறந்திருந்த கதவு வழியே உள்ளே வந்தவர் சோபாவில் அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீ இருக்கியா?"

"இருக்கேண்டி."

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் சமையலறைப் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

"அப்போ மெசேஜ் யார் அனுப்பினா?"

"நான் எழுதின புரோகிராம். டெஸ்ட் பண்றச்சே தப்பா..."

"உன் புரோகிராம்ல என் நம்பர் எப்படி வந்தது?"

"எனக்கு ஏதாவது ஆனா யாருக்குச் சொல்லணும்னு கேட்டா. வேற யாரைடி போடுவேன்?"

தங்கை அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பாவுக்கு இப்படி ஒண்ணு எழுதத் தெரியலையாக்கும் உனக்கு."

"அப்பா சொல்லப்படாதுன்னார்."

"சின்ன வயசுலேர்ந்து யார் எதைச் சொன்னாலும் நீ அப்படியே கேட்டது கிடையாது. நிஜமான்னு பார்க்காம விட்டது கிடையாது. அது ஒண்ணை மட்டும் கேட்டே."

அக்கா எழுந்து பிளாஸ்க்கிலிருந்து காப்பியை ஊற்றித் தங்கையிடம் நீட்டினார். வாங்கிக்கொள்வாரா என்று எட்டிப் பார்த்தேன். வாங்கிக்கொண்டார். குடித்தார். "ஷுகர் போட்டிருக்கு. உனக்கு ஆகுமா?" என்று கேட்டார். "ஆகாது" என்றார் அக்கா. "அப்போ நீ குடிக்காதே." பிறகு முழங்கால் வலி பற்றி, தங்கை மகனின் படிப்பு பற்றி, நாலு வார்த்தை. சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் இரண்டு பேர் மாதிரித்தான் இருந்தது. எனக்குத்தான் உள்ளே நிற்கவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை.

சட்டென்று தங்கை எழுந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவுமில்லை. லிஃப்ட் வந்தது, கதவு மூடியது, போய்விட்டார்.

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். தங்கை பழக்கத்தில் அப்படிச் சொல்லாமல் போனாரா, சாவு வீட்டுக்கென்று கிளம்பி வந்த மனசு இன்னும் மாறவில்லையா, அல்லது அவருக்கு இது நிஜமாகவே சாவு வீடுதானா? அக்கா அன்று வேண்டுமென்றே ஓடவிட்டாரா என்பதைப் போலவே இதுவும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பிறகு நான் வேறு கம்பெனிக்கு மாறிப்போனேன்; தங்கை மறுபடி வந்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

எனக்கும் நேரமாகியிருந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாரேன்க்கா" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மூடிய லிஃப்ட் கதவைப் பார்த்தபடியே கேட்டார்:

"சொல்லிண்டு போக மறந்துட்டா. அவ்வளவுதானே இருக்கும், இல்லையாடி?"